சித்திரை விடுமுறைக்கு மலைநாட்டு வாவிகளுக்குப் போகிறீர்களா? இப்போதே செய்ய வேண்டியவை

பங்குனி வெக்கை கொழும்பைப் பிடித்துவிட்டது. வெள்ளவத்தையின் கடலோரத் தொடர்மாடிகளிலேயே பகலில் இருக்க முடியவில்லை. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் இரவிலும் காற்று அசைவதில்லை. இந்த நேரத்தில்தான் வீடுகளில் மலைநாட்டுப் பயணக் கதை தொடங்கும். மாமா வீட்டார், சின்னம்மா வீட்டார், அம்மம்மா, பிள்ளைகள் என்று பன்னிரண்டு பதின்மூன்று பேர் சேர்ந்து ஒரு வான் பிடிப்பார்கள். ஹட்டன், காசல்ரீ, மஸ்கெலியா, நுவரெலியா என்று மூன்று நாள் சுற்றிவிட்டு வருவார்கள். அண்மைக்காலமாகப் படுக்கையும் அடுப்பும் வைத்த கேம்பர் வான் எடுத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். எந்த வண்டியில் போனாலும் பாதை ஒன்றுதான், மழையும் ஒன்றுதான்.

முதலில் திகதி. உங்களால் முடிந்தால் ஏப்ரல் 10 முதல் 18 வரையான நாட்களைத் தவிருங்கள். ஏப்ரல் முதலாம் திகதி தொடங்கும் நுவரெலியா வசந்த காலத்தில் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, மோட்டார் ஓட்டம் என்று ஏற்கெனவே சனம் நிறைந்திருக்கும். புத்தாண்டு விடுமுறை வந்ததும் தென்னிலங்கை முழுவதும் மேலே ஏறிவிடும். கிறகரி வாவியைச் சுற்றி வண்டி நகராது. வழக்கமாக ஐந்தாறு மணித்தியாலத்தில் முடியும் கொழும்பு–நுவரெலியா ஓட்டம் அந்த நாட்களில் ஒரு பகலையே விழுங்கும். மார்ச் கடைசி வாரத்திலோ ஏப்ரல் 20க்குப் பிறகோ போனால் அதே மலை, அதே பூ, அதே குளிர் கிடைக்கும். அறை வாடகையும் இறங்கியிருக்கும். பாடசாலை விடுமுறை அட்டவணையைப் பார்த்து, முடிந்தவர்கள் புத்தாண்டை வீட்டில் கொண்டாடிவிட்டு ஒரு வாரம் கழித்துக் கிளம்புங்கள்.

புத்தாண்டை ஒட்டிய நாட்களில் அந்த வீதி வேறு ஒருவருக்கு உரியது என்பதையும் நினைக்க வேண்டும். செட்டியார்தெரு, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைக் கடைகளில் ஆண்டு முழுக்க நின்று உழைக்கும் மலையகப் பிள்ளைகள் தோட்டத்து வீட்டுக்குப் போகும் நாட்கள் அவை. புறக்கோட்டையில் பஸ்ஸுக்கு மணிக்கணக்கில் நின்று, இடமில்லாமல் தொங்கிக்கொண்டு போவார்கள். நாங்கள் உல்லாசமாகப் போகும் வான்கள் அந்தப் பாதையை அடைத்துக்கொண்டு நிற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர்களுக்கு அந்த இரண்டு நாள்தான். எங்களுக்கு வேறு நாளும் உண்டு.

வானிலை பற்றி ஒன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டால் போதும்: மலைநாட்டில் இப்போது காலை உங்களுடையது, பிற்பகல் மழையினுடையது. மார்ச், ஏப்ரல் இரண்டும் முதலாம் இடைப்பருவக் காலம். பெரிய பருவக்காற்று எதுவும் வீசாது. காலையில் வெயில் நிலத்தைச் சூடாக்கும். இரண்டு கரையிலிருந்தும் கடற்காற்று உள்ளே வந்து மலைச்சரிவில் மோதி மேலெழும். நண்பகலுக்குள் கருமேகம் திரண்டுவிடும். வானிலை அறிக்கையில் நாள்தோறும் வாசிக்கிறார்களே, ‘பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை’ என்று, அதை வெறும் சம்பிரதாயமாகக் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் பயணத்தின் அட்டவணையே அந்த ஒரு வரிதான். இடி மின்னல் அதிகமாக இருக்கும் மாதமும் ஏப்ரல்தான். வாவியில் படகில் இருக்கும்போது இடி கேட்டால் உடனே கரைக்கு வாருங்கள். தனி மரத்தின் கீழ் ஒதுங்காதீர்கள்; வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

ஆகவே எந்த நாளிலும் மலைப்பாதை ஓட்டத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். அதன்பின் அறையில் இருங்கள், தேநீர் குடியுங்கள், பிள்ளைகளோடு கரம் விளையாடுங்கள். இரவில் மலை ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அண்மைய ஆண்டுகளில் நாட்டையே உலுக்கிய மலைப்பாதை விபத்துகளைத் திரும்பிப் பாருங்கள். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் கொழும்புப் பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒரு வானிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியதில் ஏழு பேர் இறந்தார்கள். 2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டி எல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2025 செப்டெம்பர் 4 அன்று எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா சென்ற பஸ் விழுந்து பதினைந்து பேர் போனார்கள். முதலாவது அந்தி சாய்ந்தபின் நடந்தது. இரண்டாவது விடிவதற்கு முன். மூன்றாவது இரவில். மூன்றிலும் வெளிச்சம் இல்லை.

கொழும்பில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடையைப் பூட்டி, சமைத்து, சாமான் கட்டி, இரவு பன்னிரண்டு ஒரு மணிக்கு வானில் ஏறுவோம். ‘றோட்டில் வாகனம் இருக்காது, விடியும்போது ஹட்டனில் நிற்கலாம்’ என்பது கணக்கு. பின்னால் எல்லோரும் தூங்கிவிடுவோம். முன்னால் சாரதி மட்டும் விழித்திருப்பார். அவர் அன்று பகல் முழுவதும் ஓடியிருப்பார். மாலையில் ஒரு கட்டுநாயக்க ஓட்டமும் போயிருக்கலாம். அதிகாலை மூன்று முதல் ஐந்து மணி வரை மனித உடல் தூக்கத்துக்கு மிகவும் வளைந்துகொடுக்கும் நேரம். சரியாக அந்த நேரத்தில் வான் கினிகத்தேனை வளைவுகளில் இருக்கும்.

இதை மாற்றுங்கள். வான் பேசும்போதே சாரதியிடம் நேரே சொல்லுங்கள்: “தம்பி, முதல் நாள் பின்னேரம் வேறு ஹயர் எடுக்காதீங்கோ, எட்டு மணிக்குப் படுத்திடுங்கோ, அந்தக் காசை நாங்க தாறம்.” காலை நாலரைக்குக் கிளம்பினால் அவிசாவளை வரை பெரும்பாலும் சமதரை. மலை தொடங்கும்போது நன்றாக விடிந்திருக்கும். மூன்று நாள் பயணத்துக்கு மேல் என்றால் ஓட்டத் தெரிந்த இன்னொருவர் வண்டியில் இருப்பது நல்லது.

சாரதி எங்கே படுப்பார் என்று அறை பதிவுசெய்யும்போதே கேளுங்கள். குடும்பத்துக்கு வெந்நீரும் இரட்டைக் கம்பளியும் உள்ள அறை எடுத்துவிட்டு, ஓட்டி வந்தவரை வானின் பின் இருக்கையில் படுக்கவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஏப்ரலிலும் இரவில் குளிர் பத்துப் பன்னிரண்டு பாகை வரை இறங்கும். முகத்துவாரத்திலோ தெகிவளையிலோ வளர்ந்த ஒருவர் அந்தக் குளிரில் ஒரு கண் மூட முடியாது. மறுநாள் அவர் கையில்தான் உங்கள் பதின்மூன்று உயிரும் இருக்கின்றன. அவருக்கு ஒரு கட்டில், ஒரு கம்பளி, ஒரு சூடான சாப்பாடு. இது தருமம் இல்லை, கடமை.

வண்டியை இந்த வாரமே போய்ப் பாருங்கள். படத்தைப் பார்த்து முற்பணம் கட்ட வேண்டாம். டயரின் பூ தேய்ந்திருக்கிறதா, உதிரி டயரில் காற்று இருக்கிறதா, மழை துடைப்பான் ரப்பர் வெடித்திருக்கிறதா, மூடுபனி விளக்கு எரிகிறதா என்று நீங்களே பாருங்கள். பிரேக் கட்டையும் பிரேக் எண்ணெயும் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் நடப்பில் இருக்க வேண்டும். காப்புறுதி வாடகை ஓட்டத்துக்கும் செல்லுபடியாகுமா என்று பத்திரத்தை வாங்கி வாசியுங்கள். சொந்தப் பாவனைக்கென்று எடுத்த காப்புறுதியோடு பலர் வாடகைக்கு ஓடுகிறார்கள். விபத்து நடந்தபின் அதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. கூரையில் பெரிய பெட்டிகளை ஏற்றாதீர்கள். மேல்பாரம் கூடினால் வளைவில் வண்டி சரியும்.

இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை, முக்கியமாகச் சொந்த வாகனத்தை ஓட்டிப் போகிறவர்களுக்கு. றம்பொடை, கடுகண்ணாவை, கினிகத்தேனை இறக்கங்களில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே போனால் அது சூடேறி, எண்ணெய் கொதித்து, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ, இறங்கும்போதும் அநேகமாக அதே கியர்தான். ஓட்டோ கியர் என்றால் டி-யில் விட்டுவிடாமல் குறைந்த கியருக்கு மாற்றுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு எண்ணெய் மிச்சம்பிடிக்கிறேன் என்று சொல்லும் சாரதியை அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். பிரேக் கருகும் வாசம் வந்தால் ஓரத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான சில்லில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பாதை எது? வெள்ளவத்தைக்காரருக்கு ஹைலெவல் வீதி வசதி. கொட்டாஞ்சேனையிலிருந்து போகிறவர்கள் கடுவலை, ஹங்வெல்ல என்று ஆற்றோரமாகப் போகலாம். இரண்டும் அவிசாவளைக்கு முன்பே சேர்ந்துவிடும். அங்கிருந்து ஏ7 வீதியில் கித்துல்கலை, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன். முதல் இரவை ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கத்தில் கழித்தால் அவசரம் இருக்காது. மறுநாள் காலை தலவாக்கலை வழியாக டெவோன், சென்கிளயர் நீர்வீழ்ச்சிகளையும் 2012இல் கட்டி முடித்த மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தையும் பார்த்துக்கொண்டு நுவரெலியாவுக்கு ஏறுங்கள். கைத்தொலைபேசி வரைபடம் நானுஓயாவுக்கு அருகில் ரதல்ல குறுக்குப் பாதையைக் காட்டும். அதை எடுக்காதீர்கள், செங்குத்தான பாதை, மிச்சமாகும் நேரமும் சில நிமிடங்கள்தான். சிவனொளிபாதமலைப் பருவம் வெசாக் பௌர்ணமி வரை நடப்பதால் வார இறுதியிலும் பௌர்ணமியிலும் ஹட்டன்–மஸ்கெலியா–நல்லதண்ணி வீதி நெரியும். அந்த நாட்களை விட்டுப் போங்கள்.

நுவரெலியாவின் கிறகரி வாவிக்குத்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். ஆளுநர் வில்லியம் கிறகரி காலத்தில் 1873இல் கட்டிய வாவி அது. படகு, குதிரைச் சவாரி, சோளம் சுட்டுத் தின்பது எல்லாம் பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் என் மனம் காசல்ரீயிலும் மவுஸ்ஸாக்கலையிலும் இருக்கிறது. காசல்ரீ 1965இலும் மவுஸ்ஸாக்கலை 1969இலும் நிறைவான நீர்மின் நீர்த்தேக்கங்கள். இந்த மலைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாதாடிய பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயரைத்தான் காசல்ரீ நீரில் ஓடும் மின்நிலையத்துக்கு வைத்திருக்கிறார்கள். காசல்ரீக் கரையில் 1878இல் எழுந்த வோர்லி தேவாலயம் இன்றும் தேயிலைச் சரிவில் நிற்கிறது. காலை ஏழு மணிக்கு அங்கே நின்று தண்ணீரைப் பார்ப்பதற்கே இந்தப் பயணம் தகும்.

மவுஸ்ஸாக்கலைக்கு அடியில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிக் கிடக்கிறது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயில், பள்ளிவாசல், விகாரை ஆகியவற்றின் எச்சங்கள் வெளியே தெரியும். பருவமழைக்கு முந்திய இந்த மாதங்களில்தான் அப்படி நடக்க வாய்ப்பு அதிகம். அதைப் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. கரையிலிருந்து பாருங்கள், கீழே இறங்காதீர்கள். மேலே வெடித்துக் காய்ந்த தரைபோல் தெரியும் இடம் காலை வைத்ததும் தொடை வரை புதையும் சேறு. முன்பு மனிதர் வாழ்ந்த இடம் அது. கோயில் கல்லில் ஏறி நின்று படம் எடுப்பதும், ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வருவதும் வேண்டவே வேண்டாம்.

நீர்த்தேக்கங்களில் குளிக்க வேண்டாம் என்பது என் உறுதியான ஆலோசனை. அவை குளங்கள் இல்லை, மூழ்கிய பள்ளத்தாக்குகள். இரண்டடி தள்ளினால் திடீரென்று ஆழம். அடியில் மரக்குற்றிகள். தண்ணீர் குளிர்ந்து கிடப்பதால் நீந்தத் தெரிந்தவனுக்கும் தசை பிடித்துக்கொள்ளும். கித்துல்கலை ஆற்றில் இன்னொரு ஆபத்து. மேலே மின்நிலையத்தில் இயந்திரம் ஓடத் தொடங்கினால், வானத்தில் ஒரு மேகமும் இல்லாதபோதே ஆற்று நீர் உயரும். பாறைமேல் இருந்து சாப்பிடுகிறவர்கள் சிக்கிக்கொள்வது இப்படித்தான். ஊரவரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். ‘குளிக்கத் தடை’ என்ற பலகை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சாவு இருக்கும். படகில் ஏறினால் உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும், கைக்குழந்தையோடு இருப்பவருக்கும், கட்டாயம். அங்கி தராத படகில் ஏறாதீர்கள்.

கேம்பர் வானில் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அணைக்கட்டு வீதிகளிலும் அவற்றை ஒட்டியும் வண்டி நிறுத்தித் தங்கக் கூடாது. அவை காவலுள்ள இடங்கள். காட்டோரம் கூடாரம் போட அனுமதி வேண்டும். தோட்டத்துக்குள் தங்க நினைத்தால் தோட்ட அலுவலகத்தில் கேளுங்கள். பாதுகாப்பானது, பதிவுள்ள ஒரு தங்குமிடத்தின் முற்றத்தில் காசு கொடுத்து நிறுத்திக்கொள்வதுதான். கழிவறையும் வெந்நீரும் கிடைக்கும். சமைக்கும்போது ஒன்று: உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும், நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையில். பருப்பும் கடலையும் திறந்த பானையில் அவியாது, கல்லாகவே கிடக்கும். பிரஷர் குக்கர் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, இதை வீட்டிலுள்ள இளைஞர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். குளிருக்காக பார்பிகியூ அடுப்பையோ கரிச்சட்டியையோ அறைக்குள், வானுக்குள் எடுக்கவே கூடாது. எரிந்து முடிந்த கரி என்று நினைப்பது காபனோரொட்சைட் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கியவர் எழும்ப மாட்டார். மலைநாட்டு விடுதிகளிலேயே இப்படி உயிர் போயிருக்கிறது. என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு வானுக்குள் தூங்குவதும் அதே ஆபத்து.

முதியவர்கள், குழந்தைகள் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பளி உடுப்பும் குல்லாவும் மேல் பெட்டியில் அல்ல, கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். பிரஷர், சீனி மருந்துகள் இரண்டு நாளுக்கு அதிகமாகவே. வாந்தி வரும் பிள்ளைகளுக்கு வளைவு தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே வைத்தியர் சொன்ன மாத்திரை, முன் இருக்கை, வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம், இஞ்சியும் தேசிக்காயும் கையில் இருக்கட்டும். மழைக்குப் பின் புல்லில் நடந்தால் அட்டை ஏறும். உப்போ சவர்க்காரமோ போதும். வழியில் அவசரமென்றால் அவிசாவளையிலும் டிக்கோயா கிளங்கனிலும் வைத்தியசாலைகள் உண்டு, நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை. சுவசெரிய அம்புலன்ஸ் 1990.

சாப்பாட்டை வாழையிலையில் கட்டுங்கள், தண்ணீரைப் பெரிய கானில் நிரப்புங்கள். ஹோர்டன் சமவெளி வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். மற்ற இடங்களில் கேட்க ஆளில்லை என்பதால்தான் காசல்ரீக் கரை முழுக்க போத்தலும் தட்டும் கிடக்கிறது. காசல்ரீயில் தேங்குவது கெஹெல்கமு ஓயா, மவுஸ்ஸாக்கலையில் மஸ்கெலியா ஓயா. இரண்டும் கீழே சேர்ந்தால் களனி கங்கை. அந்தக் கங்கையிலிருந்து அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்த தண்ணீர்தான் கொழும்பு வீடுகளின் குழாயில் வருகிறது. மீதி ஆறு கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. மேலே நீங்கள் எறிவது எங்கே வந்து சேரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

தோட்டங்களில் ஒரு மரியாதை. கொழுந்தெடுக்கும் அக்காமாரை வானை நிறுத்தி, கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அது அவர்களுடைய வேலைநேரம்; நிறை குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். லயன் அறைகள் யாரோ ஒருவரின் வீடு, பார்வைப் பொருள் அல்ல. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. மலைநாட்டின் மண்சரிவுகள் பல குடும்பங்களை வீடில்லாமல் ஆக்கின. சரிந்த இடங்களில் இறங்கி வேடிக்கை பார்க்க வேண்டாம். கரட், லீக்ஸ், ஸ்ட்ரோபெரி, தேயிலை எல்லாவற்றையும் வீதியோரத்துச் சிறு கடையில் வாங்குங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள்.

அந்தப் புயல் சரிவுகளைத் தளரவைத்துவிட்டது. பாதைகளும் பாலங்களும் பல இடங்களில் பாதிக்கப்பட்டன. எனவே கிளம்புவதற்கு முதல் நாள் மாலையில் எந்த வீதி திறந்திருக்கிறது என்று தங்குமிடத்தாரிடமும் பொலிஸிலும் (119) கேட்டுக்கொள்ளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. மஞ்சள் என்றால் காலை ஓட்டம் மட்டும். செம்மஞ்சள் என்றால் இருக்கும் இடத்திலேயே இருங்கள், சரிவுக்குக் கீழே உள்ள அறையாக இருந்தால் மாறுங்கள். பாதையில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று எதைக் கண்டாலும் திரும்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117இல் சொல்லுங்கள்.

சிவப்பு என்றால் பயணத்தைக் கைவிடுங்கள். வானுக்குக் கட்டிய முற்பணம் போனாலும் போகட்டும், அறைக் காசு போனாலும் போகட்டும். அம்மம்மா கோபித்தாலும், பிள்ளைகள் அழுதாலும், புறப்படாதீர்கள்.